பல்லாவரம்: கல்லறைக்குக் கல் கொடுத்த மலை!

பல்லாவரம்னதும் என்ன பாஸ் ஞாபகம் வரும்? வெள்ளிக்கிழமை சந்தை, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், தலையை உரசுற மாதிரி போற ஃப்ளைட். அவ்ளோதானே? ஆனா, இந்தியாவோட கற்கால ஆராய்ச்சியே இங்கதான் ஆரம்பிச்சுது!

1863 மே 30. புவியியல் துறையில வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு அப்போ வயசு 28. சரளைக்காகத் தோண்டின குழியில, மனுஷன் கையால செதுக்கின ஒரு கல்லைப் பார்த்தார். பழைய கற்காலக் கைக்கோடாரி! இந்தியாவுல அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான்.

அப்புறம் 1880-களில் அலெக்சாண்டர் ரீ இதே ஊர்ல ஓர் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். இறந்தவங்களை வச்சுப் புதைக்கிற சுடுமண் தொட்டி. அடியில வரிசையா குட்டிக் குட்டிக் கால்கள். எழும்பூர் மியூசியம் போனா மிஸ் பண்ணாதீங்க.

இப்போ மலைக்கு வருவோம். திரிசூலம் ஸ்டேஷன்ல இறங்கி நிமிர்ந்து பார்த்தா, பாதி வெட்டின கேக் மாதிரி நிக்குது. வெட்டின இடத்துல குளம் மாதிரி மழைத்தண்ணி. சிவில் கிளாஸ்ல 'ப்ளூ மெட்டல்'னு ஒரே வார்த்தையில தாண்டிப் போறோமே, அந்த ஜல்லிதான் இந்த மலை. பாறைக்குப் பேரு சார்னோக்கைட். பேரு வந்த கதை செம! ஈஸ்ட் இந்தியா கம்பெனியோட ஜாப் சார்னாக் 1693-ல் செத்துப்போனார். கல்கத்தாவுல இருக்கிற அவர் கல்லறைக் கல், நம்ம பரங்கிமலை - பல்லாவரம் வட்டாரத்துப் பாறை! அதைக் கவனிச்ச தாமஸ் ஹாலண்ட், 1893-ல் பாறைக்கே அவர் பேரை வச்சுட்டார். யாரோ ஒருத்தர் கல்லறைக்கு இங்கிருந்து கல் போச்சு. இங்கேயே புதைஞ்சவங்களுக்கு?

சட்டம் இருக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா வீடு கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். அந்த வட்டத்துக்குள்ள மனை வாங்கினவங்களுக்கு இது தலைவலி. நியாயம்தான். ஆனா, சின்னம்னு யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே உடைஞ்ச மலைக்கு எந்தச் சட்டம்?

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துலயும் குவாரி உண்டு. கல் லாரிகள் வரிசையா கேரளாவுக்குப் போகும். ரோடு வேணும், வீடு வேணும், ஜல்லியும் வேணும். மறுக்கல. குழி தோண்டினதாலதானே கோடாரியே கிடைச்சுது! ஆனா அந்தக் குழியை ஃபூட் குனிஞ்சு பார்த்தார். பொக்லைன் தோண்டுற குழியை யாருங்க பார்க்கிறாங்க?

சிவில் பசங்களா, நாளைக்கு சைட்ல நிக்கப்போறது நாமதான். ஜல்லி எண்ணும்போது கொஞ்சம் குனிஞ்சும் பார்ப்போமே!