பாடாவதி விடுதிக்கு ஒரு பாராட்டு விழா!

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீங்க, அரியர் எல்லாம் விழாது.

ஜப்பானுக்கு டூர் போயிருக்கீங்க. கையில காசு கம்மி. தங்கப் போற விடுதியில மாடிப்படி 'கிரீச்'சுனு கத்துது. பக்கத்து ரூம் ஆள் விடுற குறட்டை உங்க தலையணை வரைக்கும் வருது. குளியலறை எல்லாருக்கும் பொது. டி.வி. பார்க்கணும்னா உண்டியல் மாதிரி ஒரு பெட்டியில 100 யென் நாணயம் போடணும். என்ன பண்ணுவீங்க? பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த ஹோட்டலைத் தேடி ஓடுவீங்கதானே?

ஹருகோ ஓட மாட்டாள். கண்கள் விரிய, 'ஆஹா, இதுவல்லவோ விடுதி!' என்று வாசலிலேயே சொக்கிப்போய் நிற்பாள்.

யார் இந்த ஹருகோ? 2019 ஜனவரியில் 'டிவி டோக்கியோ' சேனல், ஊரே தூங்குகிற நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பத் தொடங்கிய 'நிஹோன் போரோயாடோ கிகோ' தொடரின் நாயகி. 'போரோ' என்றால் கந்தல், ஓட்டை உடைசல். 'யாடோ' என்றால் விடுதி. 'கிகோ' என்றால் பயணக் குறிப்பு. நம்ம பாஷையில் சொன்னால், 'ஜப்பான் பாடாவதி விடுதிப் பயணக் குறிப்புகள்'!

கதை ரொம்ப சிம்பிள். ஹருகோவின் அப்பா பாடகர்களுக்கு வாய்ப்புப் பிடித்துத் தரும் ஒரு குட்டி நிறுவனம் நடத்தியவர். அவர் இறந்துபோக, நிறுவனம் மகள் தலையில் விழுகிறது. மிச்சம் இருப்பது ர்யூஜி என்கிற ஒரே ஒரு பாடகர். பல வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு ஹிட் கொடுத்தவர். அதோடு சரி. விற்காத சி.டி.க்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஊர் ஊராகப் போகிறார்கள். ராத்திரி தங்குவதற்கு ஹருகோ தேடிப் பிடிப்பதெல்லாம் பாடாவதி விடுதிகள். ர்யூஜி புலம்புவார். விடிந்ததும் அடுத்த ஊர். அவ்வளவுதான்.

எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல இதை நான் போட்டுக் காட்டாத ஆளே கிடையாது. வந்த தீர்ப்புகளை நாலு வகையாப் பிரிக்கலாம்.

தீர்ப்பு 1: "என்னடி இது, கதையே இல்ல!" உண்மைதான். வில்லன் இல்லை, லவ் இல்லை, க்ளைமாக்ஸில் ஃபைட் இல்லை. ஆனால், இது அந்தச் சேனலின் பழைய பழக்கம். 2012-ல் தொடங்கிய 'கொடோகு நோ குர்மே' தொடரில் நடுத்தர வயது ஆசாமி ஒருத்தர் தனியாகப் போய் நிஜமான ஓட்டல்களில் வயிறாரச் சாப்பிடுவார். அதுவே பல சீஸன் ஓடியது. இந்த மாதிரித் தொடர்களில் இடம்தான் ஹீரோ. மனுஷங்க எல்லாம் துணை நடிகர்கள்.

தீர்ப்பு 2: "மனசு லேசாயிடுச்சுப்பா." இது எங்க சீனியர் அக்கா. செமஸ்டர் நேரத்தில் தினம் ஒரு எபிசோட் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கமே. ஜப்பானியர்கள் இதற்கு 'இயாஷி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மனக் காயத்துக்கு மருந்து தடவுகிற மாதிரி ஒரு இதம்.

தீர்ப்பு 3: "நிஜ விடுதியை நிஜப் பேரோட காட்டுறாங்க. இது விளம்பரம் பாஸ்!" இருக்கட்டுமே. ஆனால், எந்த விளம்பரக்காரன் சார் சுவர் விரிசலை க்ளோஸ்-அப்பில் காட்டுவான்?

தீர்ப்பு 4 என் ரூம்மேட் சொன்னது. ரெண்டு எபிசோட் வாய் திறக்காமல் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "ஒருத்தர் பொழப்பையே பாடாவதின்னு டி.வி.யில சொல்றாங்களே, அந்த ஓனருக்கு வலிக்காதா?"

இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை.

தொடர் தன் பக்க நியாயத்தைச் சொல்லாமல் இல்லை. சரித்திர மதிப்புள்ள பழைய விடுதி முதல் வாடகை கேட்டாலே வாய் பிளக்கவைக்கும் மலிவு விடுதி வரை எல்லாவற்றையும் பாசத்தோடுதான் 'போரோயாடோ' என்கிறோம் என்பது அதன் விளக்கம். மூலக்கதை, கமியாகிதோ சதோஷி என்பவர் இப்படிப்பட்ட விடுதிகளைத் தேடித் தேடித் தங்கி எழுதிய பயண அனுபவங்கள். சரி, ஆனால் யாராவது உங்க வீட்டுக்கு வந்து, "பாசமாத்தான் சொல்றேன், உங்க வீடு பாடாவதி"ன்னா சும்மா இருப்பீங்களா? பாசம்னு சொல்லிட்டா மட்டும் போதுமா?

அதனால் திரும்ப ஒரு தடவை போட்டு, இந்த முறை விடுதிகளை மட்டும் பார்த்தேன். கட்டடம் பழசு. தூண் பழசு. பாத்ரூம் டைல்ஸ் அரதப் பழசு. ஆனால், வாசலில் செருப்புகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பாய் விரித்த தரையில் மடிப்புக் கலையாத மெத்தை காத்திருக்கிறது. அங்கே விடுதி கட்டடத்துக்குத்தான் வயசாகியிருக்கிறது, வேலைக்கு வயசாகவில்லை. பழசு என்பது வேறு, அலட்சியம் என்பது வேறு. புத்தம்புது கட்டடத்தில் அழுக்கு பெட்ஷீட் போட்டு வைத்திருந்தால் அதுதான் நிஜப் பாடாவதி!

'போரோ' என்ற வார்த்தைக்கே இன்னொரு கதை உண்டு. வட ஜப்பானின் ஏழை விவசாயக் குடும்பங்கள் கிழிந்த துணியை வீசாமல், ஒட்டு மேல் ஒட்டுப் போட்டுத் தலைமுறை தலைமுறையாக உடுத்தின. அந்தத் துணிகளுக்கும் 'போரோ' என்றுதான் பெயர். ஒரு காலத்தில் வெளியே காட்ட வெட்கப்பட்ட கந்தல். இன்று கண்ணாடிக்குள் வைத்து மியூசியத்தில் காட்டுகிறார்கள்!

விடுதிகளும் அப்படித்தான். அவை ஆடம்பரத்துக்குக் கட்டியவை அல்ல. சரக்கு விற்க ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள் தங்குவதற்காகவே ஒரு ரகம் இருந்தது. டோயாமா மருந்து வியாபாரிகளைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? வீட்டில் மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது, பயன்படுத்தின மருந்துக்கு மட்டும் காசு வாங்குவார்கள். அந்த மாதிரி நடையாய் நடந்தவர்களுக்குக் கால் நீட்ட ஓர் இடம் வேண்டுமே! வெந்நீர் ஊற்று இருக்கும் மலை ஊர்களில் இன்னொரு ரகம். அறுவடை முடிந்த விவசாயிகள் நாள் கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஊற்றில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போவார்கள்.

அப்புறம் 1964-ல் புல்லட் ரயில் வந்தது. தூரத்து ஊருக்குப் போன வியாபாரியும் அன்றே வீடு திரும்பலாம் என்றாகிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஏ.சி., தனி பாத்ரூமோடு மலிவான ஹோட்டல்கள் முளைத்தன. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிய, கம்பெனிகள் ஊழியர்களைக் கூட்டமாக டூர் அழைத்துப் போவதும் குறைந்தது. 1980-களில் ஜப்பானில் 80,000-க்கு மேல் இருந்த பாரம்பரிய விடுதிகள், 2018 வாக்கில் 40,000-க்கும் கீழே வந்துவிட்டன. பல இடங்களில் நடத்துவது வயதான தம்பதிதான். பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போயாச்சு. அந்தப் பாட்டிக்கு முடியாமல் போகிற அன்று விடுதிக்கும் பூட்டு.

இப்ப ரூம்மேட் கேள்விக்கு வருவோம். என் பதில் இதுதான்: 'பாடாவதி' என்று சொல்ல ஹருகோவுக்கு உரிமை உண்டு. ஏன்னா, அவ வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறவ இல்ல. உள்ளே போறா, தங்குறா, அந்தக் குளியலறையிலயே குளிக்கிறா, காலையில காசு கொடுத்துட்டுக் கிளம்புறா. ஓனருக்கு வலிக்க வேண்டியது 'பாடாவதி' என்ற வார்த்தை அல்ல. "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று ஸ்கிரீனில் உருகிவிட்டு, ஊருக்குப் போனதும் ஸ்டேஷன் வாசல் ஹோட்டலில் ரூம் போடுகிறவர்களின் பாசம்தான். ரசிகர் மன்றம் வைத்தால் கரன்ட் பில் கட்ட முடியாதே பாஸ்!

இதைப் பத்தி நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன்? ர்யூஜியால்தான்.

ப்ளஸ் டூவில் நான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். ஸ்வீட், மாலை, போட்டோ எல்லாம் ஆச்சு. காலேஜில் அறுபது பேரில் ஒருத்தி. இப்பவும் சொந்தக்காரங்க கல்யாணத்துல, "இவதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தவ"ன்னு அறிமுகம் செய்றப்ப, எனக்கும் ஒரே ஒரு பாட்டுதான் ஹிட்டோன்னு பக்குன்னு இருக்கும். ர்யூஜி அதே பழைய பாட்டைத்தான் ஊர் ஊராகப் பாடுகிறார். கூட்டமே இல்லாவிட்டாலும் மைக் பிடிக்கிறார். விருந்தாளி வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே மெத்தை விரித்து வைக்கிற விடுதிக்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ஒண்ணும் தெரியலை.

ஒரு நிஜச் செய்தி சொல்லட்டுமா? ர்யூஜியாக நடித்த தகாஹாஷி கசுயா, 1988-ல் அறிமுகமாகிக் கலக்கிய 'ஒடோகோகுமி' இசைக்குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட். 1993-ல் குழு நின்றுபோனது. இந்தத் தொடர் வந்து மூணு வருஷம் கழித்து, 2022-ல் அதே குழு மறுபடி மேடை ஏறி, 2023 வரை பாடிவிட்டு முறைப்படி விடைபெற்றது. நடுவில் ஓடியது கிட்டத்தட்ட முப்பது வருஷம். அந்த முப்பது வருஷமும் மனுஷன் நடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும்தான் இருந்தார்.

தொடரைப் பாருங்க. போரடிச்சா தாராளமா என்னைத் திட்டுங்க. ஆனா, அடுத்த தடவை எங்கேயாவது பழைய விடுதியில ரூம் கதவைத் திறக்கும்போது, சுவத்து விரிசலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பெட்ஷீட்டைப் பாருங்க. அது வெள்ளை வெளேர்னு இருந்தா, யாரோ ஒருத்தர் உங்களுக்காகக் காலையிலேர்ந்து வேலை பார்த்திருக்காங்கன்னு அர்த்தம். பேரம் பேசாம ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க!