ரயில் நிற்காத ஸ்டேஷனில் ஒரு கார்

"ஒரு பைசா கடன் வாங்காமல் குடித்தனம் நடத்தியவள்" என்று யாரையாவது சொன்னால் நம் ஊரில் அது எவ்வளவு பெரிய பெருமை! நீங்களும் நானும் அப்படித்தானே வளர்ந்தோம்? ஆனால் அதையே ஒரு குறையாகச் சொல்லும் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களையும் ஒரு நடை அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

ஊரின் பெயர் காலேஜ் ஸ்டேஷன். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில் இருக்கிறது. ஹ்யூஸ்டனில் விமானத்தை விட்டு இறங்கி, ஹெம்ப்ஸ்டெட், நவஸோட்டா என்ற சிற்றூர்களைத் தாண்டிச் சுமார் 90 மைல் போக வேண்டும். வழி நெடுக மேய்ச்சல் நிலம், மாடுகள், அகலக் கிளை பரப்பிய ஓக் மரங்கள். 1876-ல் அங்கே விவசாயத்துக்கும் இயந்திரத் தொழிலுக்குமாக ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். அதற்காக ரயில் நின்ற இடம் 'காலேஜ் ஸ்டேஷன்' ஆயிற்று. அந்தப் பெயரே பிறகு ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. கல்லூரிதான் இன்றைய டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம்.

வேடிக்கையைக் கேளுங்கள். ஸ்டேஷனால் பெயர் பெற்ற அந்த ஊரில் இன்று பயணிகள் ரயிலே கிடையாது! சரக்கு ரயில் மட்டும் ஊதிக்கொண்டே ஓடுகிறது. கோவையில் விவசாயம் படித்த என் பெண், பருத்திச் செடியைப் பற்றி ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்வதற்காக அங்கே போயிருக்கிறாள். போய் ஒரு வருஷம் ஆனதும் நான் பார்க்கப் போனேன்.

போன மறுநாளே, "கொத்தமல்லி வாங்கி வருகிறேன், கண்ணு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டெக்ஸஸ் அவென்யூ என்ற பெரிய சாலை. கார்கள் விர் விர்ரென்று பறக்கின்றன. நடப்பவள் நான் ஒருத்திதான். ஆகஸ்ட் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி காரை ஓரமாக நிறுத்தி, "அம்மா, உங்களுக்கு உதவி ஏதாவது வேண்டுமா?" என்று கவலையோடு விசாரித்தாள். ஒருத்தி நடந்து போனால் அந்த ஊரில் ஏதோ ஆபத்து என்று அர்த்தம்!

பல்கலைக்கழகத்துப் பஸ் இருக்கிறது. வகுப்புக்குப் போய்வர அது போதும். என் பெண்ணுடைய பருத்தியோ ஊருக்கு வெளியே, பிரஸாஸ் நதி ஓரத்துப் பண்ணையில் இருக்கிறது. அங்கே பஸ் போகாது. செடியின் இலையில் எவ்வளவு நீர்த் தாகம் இருக்கிறது என்பதைப் பொழுது விடிவதற்கு முன்னால் அளக்க வேண்டுமாம். சூரியன் வந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் நாலு மணிக்கே எழுந்து, கூடப் படிக்கும் தெலுங்குப் பையனின் காருக்காக இருட்டில் வாசலில் காத்திருப்பாள். ஜன்னல் வழியாக அதை முதல் நாள் பார்த்தபோது எனக்கு வயிறு என்னவோ செய்தது.

"இதையெல்லாம் எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கம்மா."

அந்தப் பையன் நல்ல பையன். என்னை "ஆன்ட்டி" என்பான். அவனுக்குப் படிப்பு முடிந்து டிசம்பரில் ஊரை விட்டுப் போகிறான். அதன் பிறகு?

"கார் வாங்கித்தான் ஆகணும். விலையில பாதிக்குக் கிட்ட சேர்த்து வச்சிருக்கேன். மிச்சத்துக்குக் கடன்தான்" என்றாள்.

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. கையிலிருந்த நாலு வளையலையும் கழற்றி மேஜைமேல் வைத்தேன். "ஊருக்குப் போனதும் இதை வித்து அனுப்பறேன். கடன் மட்டும் வேண்டாம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வளையல்களை ஒவ்வொன்றாக என் கையில் திரும்பப் போட்டாள்.

"அம்மா, ரொக்கமாக் குடுத்தாக் கார் வரும். பேர் வராது" என்றாள்.

அப்புறம்தான் அந்த ஊர் வழக்கம் எனக்குப் புரிந்தது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று கம்பெனிகள் இருக்கின்றன. யார் யார் கடன் வாங்கினார்கள், நாள் தவறாமல் கட்டினார்களா என்பதையெல்லாம் எழுதி வைப்பதே அவற்றின் வேலை. அந்தக் குறிப்பைக் கொண்டு 300-லிருந்து 850 வரைக்கும் மார்க் போடுகிறார்கள். நம் ஊர் வங்கிகளும் இப்போது இப்படி மார்க் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனால் நம் ஊரில் வாங்கிய நல்ல பெயர் கடல் தாண்டிப் போவதில்லை. என் மாமனார் காலத்திலிருந்து மளிகைக்கடையில் பாக்கி வைக்காத குடும்பம் எங்களுடையது. அங்கே அதற்குப் பூஜ்யம் மதிப்பு! போன புதிதில் ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனாளாம். "உங்களைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே இல்லையே" என்று கையை விரித்துவிட்டார்களாம்.

என் பெண் என்ன செய்தாள் தெரியுமா? 500 டாலரை வங்கியில் ஈடாகக் கட்டிவிட்டு, அதே தொகைக்கு ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். மாதாமாதம் பாலும் தயிரும் மட்டும் அதில் வாங்குவாள். பில் வந்ததும் பாக்கியில்லாமல் கட்டிவிடுவாள். கணக்குத் தொடங்கி ஆறு மாதமாவது ஆனால்தான் மார்க் போடுவார்கள். நான் போன சமயம் பத்து மாதம் ஆகியிருந்தது. பாலும் தயிரும் வாங்கியே பெயர் சம்பாதித்துவிட்டாள், பாருங்கள்!

ஒரு சனிக்கிழமை பழைய கார் விற்கும் கடைக்குப் போனோம். டெக்ஸஸில் ஒரு விசித்திரமான சட்டம். சனி, ஞாயிறு இரண்டில் ஏதாவது ஒரு நாள் கார்க் கடையைக் கட்டாயம் மூட வேண்டும். எங்கள் கடை ஞாயிறு விடுமுறை. மைதானம் முழுக்கக் கார்கள் வெயிலில் பளபளத்தன. பழைய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பழுதானால் கடைக்காரர் பொறுப்பா, இல்லை 'இருக்கிறபடியே' விற்பனையா என்று அதில் போட்டிருக்கும். புடவைக் கடையில் சாயம் போகுமா என்று கேட்பதுபோல, முதலில் அதைப் படித்துவிட வேண்டும்.

வெள்ளை நிற டொயோட்டா கொரோலா ஒன்று அவளுக்குப் பிடித்தது. விலை 9,500 டாலர். மாகாண வரி 6.25 சதவிகிதம். பதிவுச் செலவையும் சேர்த்தால் சுமார் 10,200. கையில் இருந்தது 4,200. ஆக, கடன் 6,000 டாலர்.

கடைக்காரர் பரம சாது மாதிரி இருந்தார். எனக்கு நாற்காலி போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரே கேள்வி: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?"

சகோதரிகளே, அந்தக் கேள்வி ஒரு தூண்டில்! வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. "மாதம் 152 டாலர்தான்" என்று இனிக்க இனிக்கச் சொன்னார். என் பெண் தலையாட்டப் போனாள். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் பாத்திரச் சீட்டும் நகைச் சீட்டும் கட்டிக் கட்டித் தேறியவள் நான். "எத்தனை மாசம்னு கேளு, கண்ணு" என்றேன்.

60 மாதம்! வட்டி 18 சதவிகிதம்!

அமெரிக்காவில் 1968-ல் கடன்காரர்களுக்காக ஒரு நல்ல சட்டம் செய்தார்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் நான்கு விஷயங்களைத் தெளிவாகக் காட்டியாக வேண்டும். வருஷ வட்டி என்ன, கடனுக்காக ஆகும் செலவு மொத்தம் எவ்வளவு, கையில் தரும் கடன் எவ்வளவு, கடைசியில் கட்டி முடிப்பது எவ்வளவு என்பவையே அந்த நான்கு. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். கட்டி முடிக்கும் தொகை 9,141 டாலர்! ஆறாயிரத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் வட்டி. அது மட்டுமா? அவளுடைய ஐ-20 என்ற படிப்புப் பத்திரம் இன்னும் நான்கு வருஷத்துக்குத்தான். கடனோ ஐந்து வருஷத்துக்கு நீள்கிறது.

"இன்று விட்டால் கார் போய்விடும்" என்றார் கடைக்காரர்.

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் அந்த நாலு மணி இருட்டு ஞாபகம் வந்தது. ஆனாலும் எழுந்தோம். கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய காரை, மனம் மாறி மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை அங்கே கிடையாது. பலர் இருக்கிறது என்று நம்பி ஏமாந்துபோகிறார்களாம். அன்று இரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனோம். 'கிரெடிட் யூனியன்' என்பார்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் போலத்தான், உறுப்பினர்களே உடைமையாளர்கள். எல்லாச் சங்கமும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடன் தருவதில்லை. தருகிறதா என்று முன்பே டெலிபோனில் கேட்டு வைத்திருந்தாள். பாஸ்போர்ட், விசா, ஐ-20, சம்பளக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், சோஷல் செக்யூரிட்டி எண் எல்லாம் கேட்டார்கள். அந்த எண் மாணவர்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வளாகத்தில் வேலை பார்த்ததால் இவளுக்குக் கிடைத்திருந்தது.

உள்ளே இருந்த அம்மாள், "ஜாமீன் போட யாராவது உண்டா?" என்று கேட்டாள். தெலுங்குப் பையன் முன்பே, "நான் போடுகிறேன்" என்று சொல்லியிருந்தான். என் பெண் வேண்டாம் என்று விட்டாள். தவணை தவறினால் ஜாமீன்காரர் பெயருமல்லவா கெடும்? நம் ஊரில் ஜாமீன் போட்டுக் கெட்டவர்கள் எத்தனை பேர்! எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாளில் பதில் வந்தது. அதே 6,000 டாலர், வட்டி 9 சதவிகிதம், 36 மாதம், மாதம் 191 டாலர். மொத்தம் கட்டுவது 6,869. மாதத்துக்கு 39 டாலர் கூடத்தான். ஆனால் முடிவில் 2,270 டாலருக்கு மேல் மிச்சம்! படிப்பு முடிவதற்கு முன்னால் கடனும் தீர்ந்துவிடும்.

கடைக்கு ஓடினோம். வெள்ளைக் கார் அங்கேயே நின்றுகொண்டிருந்தது! முதலில் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பரிசோதித்தோம். பிறகு கடைக்காரர் பெயிண்ட் பாதுகாப்பு, அதிகப்படி வாரண்டி என்று ஒவ்வொன்றாக நீட்டினார். "வேண்டாம், வந்தனம்" என்று ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே!

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அங்கே வண்டி ஓட்டக் கூடாது. அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் செய்தால் சட்டத்துக்குப் போதும். கடன் கொடுத்தவருக்குப் போதாது. காருக்கும் சேர்த்துச் செய்யச் சொல்வார். புதிதாக லைசென்ஸ் எடுத்தவருக்கு அந்தத் தொகை தவணையோடு போட்டி போடும்! கையெழுத்துக்கு முன்பே அதை விசாரித்து மாதச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கார் வீட்டு வாசலுக்கு வந்தது. சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் எடுத்தேன். கூடியிருந்த மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த நாட்டில் உதவாக்கரைக் காருக்கு 'லெமன்' என்றுதான் பெயராம்! "அதனாலதான் நசுக்கறோம்" என்றேன். சிரிப்பு நின்று கைதட்டல் எழுந்தது.

மறுநாள் நாலு மணிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். வானம் முழுக்க நட்சத்திரம். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. அவள் இலையைக் கிள்ளி அளந்து எழுதிக்கொண்டாள். நான் டார்ச் விளக்குப் பிடித்தேன். வளையல்கள் கலகலத்தன. "சத்தம் போடாதீங்கம்மா, செடி முழிச்சுக்கும்" என்றாள்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பெண்ணைக் கடன்காரியாக்கிட்டு வந்துட்டியா?" என்பதுதான். 36 கட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். தவணை கட்டியதும் மாதாமாதம் அவள் போன் செய்வாள், நான் ஒரு கட்டத்தை அடிப்பேன். போன மாதம் பென்சிலை எடுத்து ஏழாவது கட்டத்தை அடித்தது யார் தெரியுமா?

அவரேதான்!