அது கழுகு இல்லை சார்!

'கழுகு' என்ற வார்த்தையை நாம் ரொம்பத் தாராளமாகச் செலவு செய்கிறோம். காக்காயைவிடப் பெரிசாக, வளைந்த மூக்கோடு எது பறந்தாலும் சரி... கழுகு! அதோடு விசாரணை முடிந்தது.

தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்பு வேப்பமரத்தில் ஒரு மாசி மாதம் புதுசாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தபோதும் இதே தீர்ப்புதான். மொட்டைமாடியில் புறா வளர்க்கும் கீழ் வீட்டு மாமாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"இருபது புறா தம்பி! ஒவ்வொண்ணும் எனக்குப் புள்ள மாதிரி. நாளைக்குப் பேரனை உண்டிகோலோட மாடியில நிறுத்தப் போறேன்."

"1972ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கு மாமா. கல்லு பட்டா கேஸாயிடும். ஒரு நாள் டயம் குடுங்க" என்றேன்.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, ஒவ்வொரு ஐட்டமாக டிக் அடித்துக் கழித்துக்கொண்டே வருவது. ஆபீஸ் நண்பரிடம் பைனாகுலர் இரவல் வாங்கினேன். வால் நுனி பிளவுபட்டிருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் குப்பைமேட்டுக்கு மேலே வட்டமடிக்கிற சாதாரணப் பருந்து இல்லை. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு? இல்லை. செம்பருந்து அவுட்! வல்லூறு? அது புறா சைஸ்தான். இவர் இரண்டு மடங்கு.

பாக்கி நின்றது தலை. அத்தனை பெரிய உடம்புக்கு இத்துனூண்டு தலை, நீண்ட கழுத்து... அசல் புறா ஜாடை! 1941ல் முதன்முதலில் வெளிவந்த சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தை லைப்ரரியில் புரட்டினேன். கணக்கு டேலியாகிவிட்டது. தேன் பருந்து! கண் மஞ்சள் என்பதால் பெட்டை. ஆணுக்குக் கண் கருமை.

இதன் முக்கியச் சாப்பாடு தேன்கூட்டிலும் குளவிக்கூட்டிலும் இருக்கிற புழுக்கள். கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில் மாதிரி நெருக்கமான இறகுகள். புறா வேட்டை அதன் தொழில் இல்லை. மாமாவுக்கு மூச்சு வந்தது.

எனக்கு நின்றுவிட்டது! எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு. பருந்து பாட்டுக்கு அடித்துவிட்டுப் போய்விடும். தேனீக்களின் கோபம் விடிவது நம் தலையில்தானே? கீழே குழந்தைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற இடம் வேறு. மாமாவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். "ஜன்னலைச் சாத்துங்க, வேனை மெயின் ரோட்டுல நிறுத்தச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஏழு மணி. பருந்து பாய்ந்து ஒரு துண்டு கூட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. கறுப்புப் புகை மாதிரி தேனீக்கள் கிளம்பி முற்றத்தையே மறைத்தன. சாத்திய கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தோம். ஒருத்தருக்கும் ஒரு கொட்டுகூட இல்லை.

உண்டிகோல் பரண் ஏறிவிட்டது. இப்போது யாராவது மரத்தைப் பார்த்துக் "கழுகு" என்றால் போதும், மாமா விடுவதில்லை.

"கழுகு இல்ல சார், தேன் பருந்து. அதுவும் பெட்டை. கண்ணைப் பாருங்க!"