குதிக்கால் வெடிப்பு

கச்சான் என்றவுடன் நிலக்கடலையை மாத்திரம் நினைப்போர் மட்டக்களப்பின் நடுவாண்டு மாதங்களை அறியாதவராவர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, கீழே இறங்க இறங்கச் சூடேறிக் கிழக்குக் கரையை வந்தடைகின்றது. அக்காற்றுக்கே அங்கு கச்சான் என்று பெயர். உதடு காய்வதும், முழங்கை சாம்பல் பூத்தாற்போல் வெளிறுவதும், குதிக்கால் பிளப்பதும் அதன் வருகைக்கு அடையாளங்கள்.

குதிக்கால் வெடிப்பினைப் பித்தவெடிப்பு என்று வழங்குவர். பாவம், பித்தம்! செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கின்றது. தோலின் மேற்படை இறந்த கலங்களால் ஆனது. செங்கற்களுக்கிடையே சாந்து போன்று, அக்கலங்களுக்கிடையே கொழுப்புப் பொருள்கள் அமைந்து உள்ளீரத்தைக் காக்கின்றன. பிற உறுப்புகளில் நெய்ச்சுரப்பிகளும் இதற்குத் துணைபுரியும்; உள்ளங்காலிலோ அவை இல்லவே இல்லை. ஆகவே அங்கு தோல் தடித்து உலருமிடத்து, உடற்பாரம் அழுத்துந்தோறும் குதி பக்கவாட்டில் விரிய, நெகிழ்ச்சியற்ற தோல் பிளவுறுகின்றது.

சிறுபோக வயலில் நாள் முழுதும் சேற்றில் நின்று, மாலையில் காய்ந்த வரம்பு வழியே வெறுங்காலுடன் வீடு திரும்பும் உழவனின் பாதத்திலே இவை யாவும் ஒருங்கே தொழிற்படுகின்றன. நனைதலும் உலர்தலும் மாறிமாறி நிகழத் தோல் சாந்து கரைந்த சுவராகின்றது. போதாக்குறைக்குக் காரத்தன்மையுள்ள சவர்க்காரத்தைத் தேய்த்து எஞ்சிய நெய்ப்பையும் கழுவிவிடுகின்றான்.

எண்ணெய் முழுக்கினை நாகரிகக் குறைவெனக் கைவிட்டோர், அதே எண்ணெயை நறுமணமூட்டிச் சிறு போத்தலில் அடைத்து விற்கும்பொழுது விலைகொடுத்து வாங்குகின்றனர். எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. உள்ள நீரைப் போகவிடாது தடுக்கின்றது. ஆதலின் குளித்தபின் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் புலருமுன் பூசுதல் வேண்டும். காய்ந்த தோலிற் பூசிப் பயன் காணாதோர் எண்ணெயைக் குறை கூறுவது முறையன்று. மெழுகை எண்ணெயுடன் உருக்கி வெடிப்பில் இடும் கிழவியர் செய்வதும், அமெரிக்காவில் 1872இல் றொபேட் செஸ்புறோ காப்புரிமை பெற்ற வசிலின் செய்வதும் ஒன்றே. தடித்த குதித்தோலை இளக்க யூரியா கலந்த களிம்பு சிறந்தது. வயலுக்கு இடும் பசளையை அள்ளிப் பூசலாமென்று எவரும் எண்ணிவிடலாகாது!

நீரிழிவாளருக்கு இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. நரம்பு நலிந்த பாதம் வியர்ப்பதும் குறைவு. நோவு உணர்வதும் குறைவு. வெடிப்பினூடே கிருமி புகுந்து, அறியாமலே புண் பெருகிக் காலையே இழந்தோர் பலர். அத்தகையோர் சவரத் தகட்டினாற் குதியைச் சீவுதல் கூடாது. வெந்நீரிற் கால் வைத்துச் சூடு பார்த்தலும் கூடாது. குருதி கசியும் வெடிப்பை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இரவுதோறும் பாதங்களைப் பார்த்துக் களிம்பு பூசுக. விரலிடுக்குகளை மாத்திரம் பூசாது உலரவிடுக. கண் மங்கிய முதியவராயின், பேரப்பிள்ளை ஒன்று விளக்கைப் பிடித்துக் குதியைப் பார்த்துச் சொல்லலாம்.