இசைக்கும் படத்திற்கும் ஒரு சோடி ஒலிபெருக்கி

இல்லத்திற்கு ஒலிபெருக்கி வாங்கப் புகுவோர் முதலில் வினவுவது, “எத்தனை வாற்று?” என்பதேயாம். யாழ்ப்பாணத்தவராகிய நாம் இவ்வாறு வினவுவது சற்று வியப்புக்குரியது. 1990ஆம் ஆண்டின் பின், குடாநாட்டில் மின்சாரம் அற்று, பற்றறிகளுக்கும் தடையிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் தயவால் வானொலி கேட்டவர்கள் நாம். சைக்கிள் டைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று. அதைக் கொண்டு ஒரு முற்றமே நிறைந்திருந்து செய்தியும் பாட்டும் கேட்டதுண்டு.

அண்மையில் நம் இல்லத்திற்கும் ஒலிபெருக்கி வாங்க நேர்ந்தது. கனடாவிலுள்ள இளவல் பணம் அனுப்பியிருந்தான். மகனுக்கு வேண்டியது திரைப்படத்தின் இடிமுழக்கம். எண்பதைக் கடந்த நம் தந்தையாருக்கோ, தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய ஒலிப்பதிவுகள் தெளிவாகக் கேட்டாற் போதும். அம்மேதை 1975இல் மறைந்தார். கோயில் வீதியில் அவரை நேரிற் கேட்ட செவிகள் இன்று ஊரிற் சிலவே. அவற்றுள் இரண்டு நம் வீட்டில் இருக்கின்றன. அவையும் மங்கி வருகின்றன என்பதே நம் அவசரத்திற்குக் காரணம்.

நகரத்துக் கடையொன்றில் முதலிற் காட்டப்பட்ட பெட்டியில் ஆயிரத்தை மீறிய இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. அது ‘பி.எம்.பி.ஓ.’ என்னும் விளம்பரக் கணக்கு. கண்ணிமைப் பொழுதில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம். தொடர்ந்து தரக்கூடிய அளவை ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் கணக்கே காட்டும். தந்தையார் இலக்கத்தை நோக்கவில்லை. தாம் கொணர்ந்த தவிற் தனியைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தவிலின் வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் ஆடும். தொப்பியிற் பூவரசந்தடி விழும். சிறிது நேரத்தில், “தம்பி, இதிலை தடி மட்டுந்தான் கேக்குது, விரலைக் காணேல்லை” என்றார்.

அடுத்து, மரப்பெட்டியிலமைந்த சிறிய சோடியொன்றில் அதே பதிவு ஒலித்தபோது விரல்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. மகன் முகம் சுளித்தான். ஆயினும் தான் விரும்பிய படத்தின் காட்சியொன்றை அதிற் போட்டுப் பார்த்ததும், மழைக்கும் வாத்தியங்களுக்கும் நடுவே பேசிய பேச்சு சொல் சொல்லாக விளங்கியதை அவனும் ஒப்புக்கொண்டான். இதில் அதிசயமில்லை. முதுமையில் முதலிற் குறைவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் ஆற்றல். விரற்கூட்டின் ஓசைக் கூர்மையும், பேச்சில் ‘ச’, ‘த’ முதலிய மெய்யொலிகளின் தெளிவும் பெரிதும் அப்பகுதியைச் சார்ந்தவை. தவிலை மறைக்கும் பெட்டி வசனத்தையும் மறைக்கும்.

இனி அம்பிளிபயர். வாற்றை இருமடங்காக்கினால் ஒலி உயர்வது 3 டெசிபெல் மாத்திரமே. செவிக்கு அது சிறு மாற்றம். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தொலைவில் 90 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி, 84 தரும் ஒன்றின் நாலிலொரு பங்கு மின்வலுவில் அதே ஒலியைத் தந்துவிடும். ஆகவே ஒலிபெருக்கியை முதலிற் தெரிந்து, அதன் ஓம் அளவிற்கு ஏற்ற அம்பிளிபயரைப் பின் தேடுவதே முறை. ஐந்து ஒலிபெருக்கி இன்றிப் படம் பார்க்கலாகாதென்பார் உளர். நல்ல அம்பிளிபயரில், நடு ஒலிபெருக்கி இல்லையென்று குறித்துவிட்டால், வசனத்தை அது முன்னிரண்டிற்கும் பகிர்ந்தளிக்கும். நேர் நடுவில் அமர்வோர்க்குப் பேச்சு திரையிலிருந்தே எழுவதாகத் தோன்றும். அவ்விடத்துச் சாய்மனைக் கதிரை தந்தையாருடையது என்பது சொல்லாமலே விளங்கும்.

கடையிற் கேட்ட ஒலி வீட்டிற் கேட்பதில்லை. சீமெந்து நிலமும் வெறுஞ் சுவருமுள்ள நம் மண்டபத்திற் கை தட்டினால் ஓசை கணகணத்தது. பாயும் தடித்த திரைச்சீலையும் இட்டோம். புத்தக அலுமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்குமாதலால், பெட்டிகளைச் சுவரினின்று இரண்டடி முன்னே, அமர்ந்தோர் செவிமட்டத்தில் முக்காலிகளில் நிறுத்தினோம். இவற்றுக்கு ஆன செலவு அற்பம்.

சப்வூபர் ஒன்று வேண்டுமென மகன் இன்னும் கேட்டவண்ணம் இருக்கிறான். ஆழ்ந்த ஒலி சுவர் கடந்து செல்லும். அயல்வீட்டுப் பெண்பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதி முடிக்கும்வரை அதனைத் தள்ளி வைத்திருக்கிறோம்.