யாருக்குத் தகும்?

பரிசு யாருக்குக் கிடைக்கும் என்று சொல்வது ஜோசியம். யாருக்குக் கிடைக்க வேண்டும் என்று சொல்வது ரசனை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். குதிரைப் பந்தயத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. முதலில் வந்த குதிரைதான் முதல் பரிசுக்குத் தகுந்த குதிரை. சங்கீதத்திலும் எழுத்திலும் அப்படி ஒரு எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கவில்லை. ஆகவே, கிடைத்தவர் ஒருவர், தகுந்தவர் வேறொருவர் என்ற பேச்சு எந்தக் காலத்திலும் ஓய்வதில்லை.

எனக்கு இந்த யோசனையை உண்டாக்கியது அமெரிக்காவில் வருஷந்தோறும் நடக்கும் ஒரு சங்கீதப் பரிசு. டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 1958-ல் ஏற்பட்ட கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன், 1967 முதல் பரிசுகள் கொடுத்து வருகிறது. அவற்றில் ஒன்று, ஆண்டின் சிறந்த குரல் குழுவுக்கு உரியது. அந்த ஒரு பரிசை மட்டும் நான் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன்.

'உமக்கும் கன்ட்ரி சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். நான் கதை எழுதுகிறவன். அந்தப் பாட்டுகளும் கதைகள்தாம். குடித்துக் கெட்டவன், சொல்லாமல் ரயிலேறிப் போனவள், கடனுக்குப் போன நிலம், திரும்பி வராத பிள்ளை - மூன்று நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் கதை முடிந்துவிடும். நான் நாலு பக்கம் எழுதி நகர்த்துகிற இடத்தை அவர்கள் நாலு வரியில் கடந்துவிடுகிறார்கள். தொழில் கற்றுக்கொள்ளும் ஆசையில் கேட்க ஆரம்பித்தேன். பிறகு குரல்கள் என்னைப் பிடித்துக்கொண்டன.

அந்தக் குரல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் கச்சேரியில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பார்கள். அதுதான் நமக்கு ஒற்றுமை. அங்கே ஒருவர் மெட்டைப் பாடும்போது, இன்னொருவர் அதற்கு மேலே ஒரு ஸ்வரத்திலும் மூன்றாமவர் கீழே ஒரு ஸ்வரத்திலும் கூடவே நடந்து வருவார்கள். சரியாகப் பொருந்திவிட்டால், யாருடையதும் அல்லாத ஒரு புதுக் குரல் நடுவிலிருந்து கிளம்பும். தனியாகப் பாடினால் சாதாரணம் என்று சொல்லத்தக்க மூவர் சேர்ந்து அந்தக் குரலை எழுப்புவது உண்டு. மகா பாடகர்கள் மூவர் சேர்ந்தும் எழுப்ப முடியாமல் போவதும் உண்டு. குரல் குழுவுக்குத் தனியாக ஒரு பரிசு வைத்ததன் நியாயம் இதுதான்.

முதல் பரிசு, 1967-ல், ஸ்டோன்மன் குடும்பத்துக்குப் போயிற்று. குடும்பத் தலைவர் எர்னஸ்ட் ஸ்டோன்மனுக்கு அப்போது 74 வயது. 1927-ல் பிரிஸ்டல் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பத்தார் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார்களே, அதே நாட்களில் அதே இடத்தில் தாமும் பாடியவர் அவர். நாற்பது வருஷம் கழித்து மக்களோடு நின்று பரிசு வாங்கினார். அடுத்த ஜூன் மாதம் கண்ணை மூடிவிட்டார். கிடைத்தவரும் தகுந்தவரும் ஒருவராகவே அமைந்த நல்ல ஆரம்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பரிசுக்கும் ஒரு வியாதி உண்டு. அதன் பெயர் பழக்கம். 1972 முதல் 1977 வரை ஆறு வருஷம் தொடர்ந்து ஸ்டேட்லர் பிரதர்ஸ் என்ற நால்வரே வாங்கினார்கள். (அவர்களில் ஒருவர் பெயரும் ஸ்டேட்லர் இல்லை, சகோதரர்களும் இருவர்தாம். ஹோட்டல் அறையில் கிடந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியின் மேலிருந்த பெயரை எடுத்து வைத்துக்கொண்டவர்கள்.) நல்ல பாடகர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஆறு வருஷமும் அந்த நாட்டில் அவர்களைவிட நன்றாக யாருமே பாடவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

அது ஒன்றும் பிரமாதம் இல்லை என்று சொல்லும்படி இந்த நூற்றாண்டில் நடந்தது. 2003 முதல் 2008 வரை ராஸ்கல் ஃப்ளாட்ஸ் ஆறு முறை. 2009 முதல் 2011 வரை, இப்போது லேடி ஏ என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கும் குழு மூன்று முறை. 2012 முதல் 2017 வரை லிட்டில் பிக் டவுன் ஆறு முறை. 2018 முதல் 2024 வரை ஓல்ட் டொமினியன் ஏழு முறை. ஆக 22 வருஷங்களில் நாலே நாலு குழுக்கள்! ஒருவர் எழுந்து போன பிறகு அடுத்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்கவில்லை.

வங்கியில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இதற்கு எதற்குப் பாட்டுக் கேட்க வேண்டும்? போன வருஷம் வாங்கியவர்தான் இந்த வருஷமும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டுப் போங்களேன். 22-ல் 18 தடவை பலித்திருக்கும்!"

கணக்கு வாஸ்தவந்தான். ஆள் மாறிய நாலு வருஷங்களைத் தவிர மற்ற எல்லா வருஷமும் பலித்திருக்கும். ஒரு பாட்டுக்கூடக் கேட்காதவர், வருஷமெல்லாம் கேட்டவனைவிட நல்ல ஜோசியராக இருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்தியது. காதுக்கு வேலையே இல்லாமல் முடிவைச் சொல்லிவிடலாம் என்றால், அந்தப் பரிசு காதுக்கு எதைச் சொல்கிறது?

வோட்டுப் போடுகிறவர்கள் பாமர ஜனங்கள் அல்ல. சங்கத்தின் அங்கத்தினர்கள், பாடுகிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள், பதிப்பிக்கிறவர்கள், ரேடியோக்காரர்கள் என்று அந்தத் தொழிலிலேயே ஜீவனம் நடத்துகிறவர்கள். மூன்று சுற்று வோட்டு நடக்கிறது. தெரிந்தவர்கள் வோட்டுப் போட்டால் பழக்கம் குறையும் என்று நாம் நினைப்போம். எனக்கென்னவோ தெரிந்தவர்களிடத்தில்தான் பழக்கம் அதிகம் என்று தோன்றுகிறது. ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தபோது கதைகளைப் பெயர் மறைத்துத்தான் கொடுத்தார்கள். என்ன பிரயோசனம்? இரண்டு பாரா படித்ததும் இது இன்னார் கை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த மறுகணமே, மனம் அவருடைய பழைய நல்ல கதைகளையெல்லாம் எடுத்து இந்தக் கதையின் கணக்கில் வரவு வைக்க ஆரம்பித்தது. அதை உதறிவிட்டு, மேஜைமேல் இருக்கும் கதையை மட்டும் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வோட்டுப் போடும்போது யார் அப்படி உதறப் போகிறார்கள்? தெரிந்த பெயரில் கை தானாகப் போய் விழும்.

பழக்கம் ஒரு பக்கம். கோபம் இன்னொரு பக்கம். 1998 முதல் 2000 வரையிலும், மறுபடி 2002-லும் இந்தப் பரிசை வாங்கியவர்கள் டிக்ஸி சிக்ஸ் என்ற மூன்று பெண்கள். 2003 மார்ச்சில், இராக் யுத்தம் தொடங்கவிருந்த வேளையில், லண்டன் மேடையில் அவர்களில் ஒருவரான நாட்டலி மெய்ன்ஸ், தங்கள் நாட்டு ஜனாதிபதி டெக்ஸஸ்காரர் என்பதில் தங்களுக்கு வெட்கம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஊர் ஊராக ரேடியோ நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. அப்போது அவர்களுடைய பாட்டு ஒன்று உச்சியில் இருந்தது. யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வராத ஒரு சிப்பாய்ப் பையனைப் பற்றிய பாட்டு! சிப்பாய்களை அவமதித்தவர்கள் என்று சொல்லி அந்தப் பாட்டையே கீழே தள்ளினார்கள். 2007-ல் கிராமி விழாவில் அந்தப் பெண்கள் ஐந்து பரிசுகள் வாங்கினார்கள். நாஷ்வில்லின் குரல் குழுப் பரிசு மட்டும் அவர்களிடம் திரும்பி வரவே இல்லை. 2002-க்கும் 2003-க்கும் இடையில் அவர்கள் தொண்டை மாறிவிடவில்லை. அதற்குப் பிறகு வாங்கினவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பரிசு கொடுக்கிறவர்கள் காதால் மட்டும் கேட்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பின்னே தகுதியை எப்படித்தான் நிதானிப்பது? பரிசின் பெயரிலேயே வழி இருக்கிறது. குரல், குழு, ஆண்டு என்று மூன்று வார்த்தைகள். மூன்றுக்கும் பதில் சொல்லட்டும்.

2025-ல் பட்டியலில் நின்றவர்களை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். விசேஷம் என்னவென்றால், நான் மேலே சொன்ன நாலு குழுக்களும் அதில் இருந்தன. ஐந்தாவதாக ஒரு புதுக் குழு. நாலு மாஜி ராஜாக்களுக்கு நடுவில் ஒரு குடியானவன் வந்து நின்றதுபோல.

குரலும் குழுவும் மட்டும்தான் கணக்கு என்றால் என் வோட்டு லிட்டில் பிக் டவுனுக்குத்தான். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நாலு பேரும் முன்னால் நின்று பாடக்கூடியவர்கள். நான் செய்கிற பரீட்சை இது: கண்ணை மூடிக்கொண்டு ஒரு குரலை மனத்தால் எடுத்துவிட்டுக் கேட்பேன். இவர்களில் எந்தக் குரலை எடுத்தாலும் கட்டடம் ஒரு பக்கம் சாய்கிறது. ராஸ்கல் ஃப்ளாட்ஸில் கேரி லெவாக்ஸின் உச்சக் குரல் ஒன்றே கூரையைத் தாங்குகிறது. லேடி ஏ குழுவில் ஹிலரி ஸ்காட்டும் சார்ல்ஸ் கெல்லியும் புருஷனும் பெண்சாதியும் வழக்குப் பேசுவதுபோல் மாறி மாறிப் பாடுவது அழகு. ஓல்ட் டொமினியன்காரர்களின் பலம் குரலைவிடப் பேனாவில். பிறருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தே பேர் வாங்கியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் மூன்றாவது வார்த்தை ஒன்று இருக்கிறதே! அந்தச் சங்கம் ஜூலையிலிருந்து மறு ஜூன் வரையில்தான் ஆண்டைக் கணக்கிடுகிறது. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் லிட்டில் பிக் டவுன் கொடுத்தவை பழைய பாட்டுகளின் திரட்டு ஒன்றும் கிறிஸ்துமஸ் பாட்டுகளும். ராஸ்கல் ஃப்ளாட்ஸ் பெரும்பாலும் பழைய பாட்டுகளைப் பிறரோடு சேர்ந்து திரும்பப் பாடினார்கள். ஓல்ட் டொமினியனின் புது ஆல்பம் கெடு தாண்டி ஆகஸ்டில்தான் வந்தது. புதுசாக உழுது விதைத்தவர்கள் அந்த ஐந்தாவது குழுவினர்தாம்: அலபாமா மாநிலத்து மோபீல் துறைமுகத்திலிருந்து வந்த ரெட் க்ளே ஸ்ட்ரேஸ். பெயரே செம்மண் நாடோடிகள் என்று அர்த்தப்படுகிறது. 2016-ல் சேர்ந்து, மதுக்கடை மேடைகளில் பாடிப் பாடி மேலே வந்தவர்கள். 2024 ஜூலையில் வந்த அவர்கள் ஆல்பத்தில் மனம் உடைந்தவனின் இருட்டும் தேவாலயத்துப் பாட்டின் வெளிச்சமும் மாறி மாறி வருகின்றன. பிராண்டன் கோல்மன் என்ற இளைஞர் முன்னால் நின்று பாடுகிறார். மற்றவர்கள் வாத்தியத்தாலும் குரலாலும் அவரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறார்கள். என் கண்மூடிப் பரீட்சையில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. கோல்மனை எடுத்துவிட்டால் நஷ்டம் பெரிது. ஆனாலும் அந்த ஆண்டு அவர்களுடையது.

என் ஆசை ஒரு பக்கமும் நியாயம் இன்னொரு பக்கமும் இழுத்தன. ஆசைக்கு வோட்டுப் போடுவதானால் எல்லாப் பரிசையும் நமக்குப் பிடித்த ஒருவருக்கே ஆயுள் முழுவதும் கொடுத்துவிடலாம்; வருஷந்தோறும் விழா எதற்கு? நவம்பருக்கு முன்பே நண்பரிடம் ஸ்ட்ரேஸ் பெயரைச் சொன்னேன். அவர் வழக்கம்போல் ஓல்ட் டொமினியன் என்றார். பந்தயம் ஒரு கோப்பைக் காப்பி.

2025 நவம்பர் 19-ந் தேதி பரிசு ஸ்ட்ரேஸுக்குப் போயிற்று. காப்பி எனக்கு வந்தது. அதில் எனக்குப் பெருமை இல்லை; பாட்டுக் கேளாமல் சொல்கிற ஜோசியம் அந்த ஒரு தடவையாவது பொய்த்ததே என்பதில்தான் திருப்தி. 22 வருஷமாக நாலு வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்த பரிசு, ஐந்தாவது வாசலைத் தேடிப் போயிற்றல்லவா?

இனிமேல் அபாயம் ஸ்ட்ரேஸுக்குத்தான். போன வருஷம் வாங்கியவர் என்ற பட்டம் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நண்பர் தம் சூத்திரத்தைக் கைவிடவில்லை. குழுவின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். "இனி ஆறு வருஷத்துக்கு இவர்கள்தான் சார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் கணக்கு முடியட்டும். ஐந்து பேர் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.