ஓடி வந்துச்சா, ஓடிப் போச்சா?

புனேயில் படிக்கும் என் மகள் பாட்டிக்குப் போனில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "பூனை வீட்டுக்குள்ள ஓடுச்சு பாட்டி."

"ஓடி வந்துச்சா, ஓடிப் போச்சா?" என்று கேட்டாராம் அம்மா. மகள் முழித்தாள்.

ஆங்கிலத்தில் 'ரன்' ஓட்டத்தைச் சொல்லும். பின்னால் ஒட்டும் 'இன்', 'அவுட்', 'அப்' திசையைச் சொல்லும். சொல்பவர் உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்று அது கேட்பதில்லை. நாமோ பெரும்பாலும் 'ஓடி' என்று எச்சமாக நிறுத்தி, 'வந்தது' அல்லது 'போனது' என்று முடிக்கிறோம். நாம் நிற்கும் இடம் அதிலேயே தெரிந்துவிடும்.

போன லீவு முடிந்து புனே ஸ்டேஷனில் இறங்கியதும் மகள் சொன்னாள், "அப்பாடா, நம்ம ஊருக்கு வந்துட்டோம்."

பதினைந்து வருஷமாகியும் எனக்கு அந்த 'வந்துட்டோம்' வாயில் வரவில்லை. உங்க வீட்டில் எப்படி?